பீல்தெக்: ஒரு சொல்லைப் பிரிக்கக் கற்றது

நார்வேயின் ஆஸ்லோவில் எனக்கு முதல் அக்டோபர். காருக்குக் குளிர்கால டயர் மாற்றவேண்டும். கடைக்குப் போய், எழுத்தில் பார்த்துவைத்திருந்த நார்வேஜியச் சொல்லை 'பில்தெக்' என்றேன். கவுன்டரில் இருந்தவருக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். அப்போதும் புரியவில்லை. வெளியே நின்ற காரைக் காட்டியதும், "ஓ, பீல்தெக்!" என்றார்.

'பீல்' என்றால் கார், 'தெக்' என்றால் டயர். நானோ அதைப் படம் என்று பொருள்படும் 'பில்தெ'யில் தொடங்குவதாக நினைத்துப் படித்திருக்கிறேன். இரண்டு சொற்கள் சேரும் ஒட்டு தெரியாததால் நெடில் குறிலாகிவிட்டது.

மாலை மொழி வகுப்பு ஆசிரியை பென்சிலைக் கொடுத்து, ஒவ்வொரு நீளச் சொல்லிலும் ஒட்டு வரும் இடத்தில் கோடு போடச் சொன்னார். வேலையிடம் என்பதை நான் 'அர்பைத்-ஸ்ப்ளஸ்' என்று பிரித்தேன். அந்த 'ஸ்' இடப்பக்கத்துக்குச் சொந்தமாம்: 'அர்பைத்ஸ்-ப்ளஸ்'.

கோடு போடுவது சீக்கிரம் பழகிவிட்டது. அழுத்தம்தான் படுத்தியது. தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது, அதனால் என் காது அதைத் தேடவே இல்லை. நார்வேஜியக் கூட்டுச்சொல்லில் பொதுவாக முதல் சொல்தான் ஓங்கி ஒலிக்கும். இரண்டாவது சற்றுத் தணியும், ஆனால் அதன் நெடில் நெடிலாகவே இருக்கும், விழுங்கக் கூடாது. அப்புறம், 'தெக்'கை 'தெக்கு' என்று சொல்லும் நம் பழக்கம்! அந்த உகரத்தால் ஓர் அசை கூடி, சொல்லே வேறாகிவிடுகிறது.

சேர்த்துச் சொன்னால் 'லம்மெலோர்' ஆட்டுக்குட்டித் தொடைக்கறி. இரண்டு சொல்லாகப் பிரித்து, இரண்டையும் அழுத்தினால் செயலிழந்த தொடைகள். தந்தப் பலகை, தந்த பலகை என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். நமக்கு ஒரு 'ப்' செய்வதை அவர்களுக்கு அழுத்தமும் இடைவெளியும் செய்கின்றன. இது பிடிபட்ட அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பயிற்சியெல்லாம் மெட்ரோவில்தான். 'யேண்-பானெ-தோர்கெ' நிலையம் வரும்போதெல்லாம் இரும்பு, தடம், சதுக்கம் என்று மனதில் பிரித்து, 'யேண்'ணுக்கு மட்டும் முழங்காலில் பலமாகத் தட்டுவேன். எழுத்தில் அங்கே 'ர்ன்' இருந்தாலும் ஆஸ்லோக்காரர்கள் வாயில் அது நம் 'ண்'தான். அந்த ஒலிக்கு நான் பாடுபடவே வேண்டியிருக்கவில்லை.

நாலு மாதத்தில் வாய்மொழித் தேர்வில் பி1 என்ற இடைநிலைத் தகுதி கிடைத்தது. இன்னும் விதிவிலக்குகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறேன். நூற்றாண்டைக் குறிக்கும் 'ஓர்ஹுந்த்ரெ'யில் அழுத்தம் இரண்டாம் பகுதியில் விழுகிறது. போன வாரம் வானொலியில் கேட்டதும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.