ஏன் பெருக்கணும்?

இரண்டு நாணயம் சுண்டினால் இரண்டிலும் தலை விழ வாய்ப்பு, அரையை அரையால் பெருக்கி, நாலில் ஒன்று என்றதும், "ஏன்ப்பா பெருக்கணும்?" என்றாள் மகள்.

ஒன்று மற்றதைப் பாதிக்காதே, அதனால்தான் என்றேன்.

சொல்லும்போதே சாலி கிளார்க் நினைவுக்கு வந்தார். இங்கிலாந்தில் இரண்டு கைக்குழந்தைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்த தாய். தூக்கத்தில் ஒரு குழந்தை திடீரென இறக்க வாய்ப்பு 8,543-ல் ஒன்று, இரண்டு குழந்தை என்றால் அதை அதாலேயே பெருக்கி 7.3 கோடியில் ஒன்று என்று ஒரு மருத்துவர் சாட்சி சொல்ல, 1999-ல் கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை.

ஒரே வீடு, ஒரே ரத்தம். அங்கே எப்படிப் பெருக்குவது?

அந்த எண்ணுக்குப் புள்ளியியல் அடிப்படையே இல்லை என்று 2001-ல் ராயல் புள்ளியியல் சங்கம் சொன்னது. 2003-ல் விடுதலை. 2007-ல் அவரும் போய்விட்டார்.

கணக்கு படித்தால் என்ன வேலை என்று கேட்கிறார்கள். சாட்சிக் கூண்டில் சொல்லப்படும் எண்ணைச் சரிபார்ப்பதும் ஒரு வேலைதான்.

"அப்போ எப்பல்லாம் பெருக்கக் கூடாது?" மகள் இன்னும் நோட்டை மூடவில்லை.