ஒரே ஆபீஸில் நான்கு கிம்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கொரிய கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த முதல் வாரமே தவறு செய்தேன். டை (தகட்டை அழுத்தும் அச்சு) உடைந்த தகவலை உற்பத்திப் பிரிவு கிம்முக்கு அனுப்பாமல் கணக்குப் பிரிவு கிம்முக்கு அனுப்பிவிட்டேன். லைன் ஒரு மணி நேரம் நின்றது. அங்கிருந்த பதினோரு கொரியர்களில் நான்கு பேர் கிம். 2015 கணக்கெடுப்பின்படி தென்கொரியாவில் ஐந்தில் ஒருவர் கிம்தான், ஒரு கோடிக்கும் மேல்.

அவர்கள் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். குடும்பப்பெயரோடு பதவி சேரும்: கிம் குவாஜாங்நிம், கிம் பூஜாங்நிம். குவாஜாங் என்றால் மேலாளர், பூஜாங் என்றால் துறைத் தலைவர், 'நிம்' மரியாதைக்கு. பதவியும் ஒன்றாகிவிட்டால் பிரிவின் பெயரையும் முன்னால் சேர்க்க வேண்டும். அதற்கப்புறம் நான் அதில் தவறவில்லை.

ஒருநாள் பிரஸ் ஷாப் ஆட்களிடம், "கிம் என்றால் தங்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பூஜாங், என்ன சொன்னாய் என்று கேட்டார். சொன்னேன். "அது பாதிதான்" என்றார். அந்தச் சீன எழுத்து பெயரில் வரும்போது கிம். பொருளாக வரும்போது கும். தங்கம், உலோகம் இரண்டுமே அதன் பொருள்.

கிம்களிலும் பூர்வீக ஊரை வைத்து வம்சங்கள் உண்டு, அவர் கிம்ஹே கிம். பூசானை ஒட்டிய ஊர் கிம்ஹே. வானிலிருந்து பொற்பெட்டியில் ஆறு பொன்முட்டைகள் இறங்கின, முதலில் வெளிவந்த சூரோ கி.பி. 42இல் காயா என்ற பழைய கொரிய நாட்டின் அரசனானார் என்பது அவர்கள் வம்சக் கதை. ஆனால் காயாவை வாழவைத்தது இரும்பு. அங்கிருந்து ஜப்பானுக்குப் போயிருக்கிறது. அரசர்களின் கல்லறைகளிலும் இரும்புக் கட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது பூஜாங்கின் குரலே மாறியது.

கணக்குப் பிரிவு கிம் சின்னப் பையன். "எல்லோரும் சூரோவின் பிள்ளைகள் இல்லை அண்ணா" என்றான். எளிய மக்கள் பலருக்குக் குடும்பப்பெயரே இருந்ததில்லை. 1909இல் பதிவுச் சட்டம் வந்தபோது பலர் கிம் என்று எழுதிக்கொண்டார்கள். அதில் எந்தக் குறையும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெயர் கேட்டபோது கௌரவமான பெயரைத்தானே யாரும் சொல்வார்கள்!

எனக்கு நம் 'பொன்' நினைவுக்கு வந்தது. பழந்தமிழில் அதுவும் தங்கம் மட்டுமல்ல, உலோகத்துக்கே பொதுப்பெயர். அதனால்தான் ஐம்பொன். இரும்புக்குக் கரும்பொன் என்றே ஒரு பெயர் உண்டு. சீன எழுத்திலும் ஐந்து உலோகங்களை இதே எழுத்தை வைத்துத்தான் சொல்வார்களாம். விளக்கி முடித்ததும் பூஜாங் தன் நோட்டை நீட்டினார். கரும்பொன் என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். கீழே கொரிய எழுத்தில் உச்சரிப்பைக் குறித்துக்கொண்டு, 'ழ' இல்லையே, பிழைத்தேன் என்றார்.