திரையில் கோடு: திருத்தணி சர்வீஸ் மேசைக் குறிப்புகள்

மே 6
பொதட்டூர்பேட்டைத் தறிக்கூடத்து லேப்டாப். அரை மணி ஓடினால் திரை கறுத்து மீள்கிறதாம், கோடும் விழுகிறதாம். அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டால் எந்தத் திரைக் கோளாறுக்கும் சூட்டின் மேல்தான் பழி. கழற்றும் முன் எச்டிஎம்ஐ-யில் வெளி மானிட்டர் மாட்டிப் பார்த்தாயிற்று. கறுப்பது இரண்டு திரையிலும். கோடு லேப்டாப் திரையில் மட்டும். ஆக, ஒரே புகாரில் இரண்டு கோளாறு. முதலாவது கிராபிக்ஸ் பக்கம், அடுத்தது கேபிள் அல்லது பேனல். கறுக்கும் நேரத்தில் சிபியூ 98 டிகிரி. பல இன்டெல் சிப்புகளுக்கு 100-தான் உச்சவரம்பு.

மே 7
முதலில் பேட்டரி கனெக்டரைப் பிடுங்கியாக வேண்டும். ஃபேன் இறக்கை பளிச்சென்று இருக்கிறது, ஏமாறக் கூடாது. மூன்று ஸ்க்ரூ கழற்றி ஃபேனைத் தூக்கினால், ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பாகம்) தகடுகளின் வாயில் பஞ்சு கம்பளித் துண்டாகப் படிந்திருக்கிறது. இடுக்கியால் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வருகிறது. வெளியிலிருந்து காற்றடித்திருந்தால் இதெல்லாம் ஃபேனுக்குள் போய்ச் சிக்கியிருக்கும். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கிறது. அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, புதுசு ஒரு அரிசி அளவு. மெமரி சிப் மேலிருக்கும், சூடு கடத்தும் மெத்தையான பேடுக்குப் பதிலாகப் பேஸ்ட் தடவக் கூடாது, அந்த இடைவெளியை அது நிரப்பாது. ஹீட்சிங்க் ஸ்க்ரூக்கள் 1, 2, 3, 4 எண் வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக.
அதே வேலை, அதே அரை மணி: சிபியூ 79 டிகிரி. திரை கறுக்கவில்லை.

(திரை கறுத்தால், சூட்டுக் காற்று ஊதும் ஹீட் கன்னால் சிப்பைச் சுடும் வைத்தியம் நகரி வரை பிரபலம். சில வாரம் தாங்கும், அவ்வளவுதான்.)

மே 8
கோடு அப்படியே. மூடியை மெல்ல அசைத்தால் ஒரு கோணத்தில் வருகிறது, இன்னொன்றில் மறைகிறது. கீல் அருகே டிஸ்பிளே கேபிள் நைந்திருக்கிறது. சூடானதும் லேப்டாப்பைத் தூக்கி இடம் மாற்றியிருக்கிறார்கள். கோடு அப்போதுதான் வந்திருக்கிறது.
கேபிள் வாங்க, சென்னை ரிச்சி தெருவில் மாடல் பெயர் மட்டும் சொன்னால் போதாது. ஒரே மாடலில் 30 பின் (கனெக்டர் முனை) கேபிளும் உண்டு, 40 பின் கேபிளும் உண்டு. பழைய கேபிளின் லேபிள் எண்ணைப் படம் எடுத்து அனுப்பியாயிற்று.

மே 11
கேபிள் வந்தது, 30 பின். பேட்டரி இணைப்போடு செருகினால், கனெக்டர் சாய்ந்த நொடியில் பேக்லைட் (திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் விளக்கு) ஃபியூஸ் போய்விடலாம். கழற்றிவிட்டே செருகியது. மூடியை ஐம்பது முறை திறந்து மூடியும் கோடு இல்லை. தறிக்கூடத்துக்குத்தான் திரும்பப் போகிறது; மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபேனைத் தூக்கிப் பார்க்கச் சொல்லிச் சீட்டு ஒட்டியாயிற்று.