பிப்ரவரி நாட்கள், ஃபேன்டாஸ்டிக் பிளானட்

பிப்ரவரி 1, 2024, வியாழன்

அக்காவின் இன்சூரன்ஸ் காகிதங்களைத் தேடி அலமாரியின் மேல்தட்டு முழுவதையும் இறக்கினேன். காகிதம் கிடைக்கவில்லை. ஷூ பெட்டி ஒன்றில் என் பழைய சிடிகள் கிடைத்தன. 98-ல் சான் ஹோசேவுக்குக் கிளம்பும்போது இங்கே விட்டுப் போனவை. அக்கா இத்தனை வருஷம் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலே ஃபெயிலியர் என்ற ராக் குழுவின் ஆல்பம், 'ஃபேன்டாஸ்டிக் பிளானட்'. மூடியின் ஒரு பக்கம் உடைந்து தொங்குகிறது. பழைய சிடிக் கடையில் ஒட்டிய விலைச்சீட்டு பாதி கிழிந்தபடி இன்னும் இருக்கிறது, 4.99.

அவள் கேம்ரி காரில் சிடி பிளேயர் வேலை செய்கிறது.

பிப்ரவரி 2, வெள்ளி

ஆஸ்பத்திரியில் கேட்டேன், திங்கட்கிழமை சொல்கிறோம் என்கிறார்கள்.

பிப்ரவரி 3, சனி

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இருபத்திரண்டு நிமிடம். ஆல்பம் ஒரு மணி நேரத்துக்கும் மேல், பதினேழு டிராக். 'ஸாட்டர்டே சேவியர்' தெரு முனையில் ஆரம்பித்தால் 'பிளாங்க்' ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்கிங்கில் சீட்டு வாங்குகிறேன். நிறுத்திவிட்டுத் திரும்ப ஏறினால் விட்ட இடத்திலிருந்துதான் ஓடும், ஆனால் எனக்கு மனசு வரவில்லை, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே வைக்கிறேன். நடுவில் ஏறிக்கொள்கிற ஆல்பம் இல்லை இது.

இரண்டாவது பாட்டு அன்றும் எனக்கு ஒட்டவில்லை, இன்றும் ஒட்டவில்லை. அதைத் தாண்டியதும் வருகிற 'செக்வே 1', வார்த்தையே இல்லாத அந்தச் சின்னத் துண்டு, எனக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. இருபத்தாறு வருஷம் கேட்கவில்லை. அடுத்த சத்தம் என்ன என்று காதுக்கு முன்பே தெரிகிறது.

பிப்ரவரி 4, ஞாயிறு

மழை. லாஸ் ஏஞ்சலஸில் இப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. மாலையில் வராதே என்று அக்காவே போனில் சொல்லிவிட்டாள். குரல் தெளிவாக இருந்தது. சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கிறாள்.

தூக்கம் வரவில்லை, அதனால் இதை எழுதுகிறேன். 92-ல் வந்த இவர்களுடைய முதல் ஆல்பத்தை ரெக்கார்டிங் இன்ஜினியர் ஸ்டீவ் அல்பினி பதிவு செய்தார். மூன்றாவதான இதற்கு வெளியாள் யாரும் வேண்டாம் என்று முடிவு செய்து, இதே ஊரின் டுஹங்காவில் மலையடிவாரத்தில் ராக் பாடகி லீட்டா ஃபோர்டின் வீட்டை வாடகைக்கு எடுத்து, 95-ல் கருவிகளையெல்லாம் அங்கேயே இறக்கிவிட்டார்கள். கென் ஆண்ட்ரூஸ், கிரெக் எட்வர்ட்ஸ், டிரம்ஸுக்கு கெல்லி ஸ்காட். வீடு என்பதால் மணிக்கணக்கில் ஸ்டுடியோ வாடகை ஏறாது, தலைக்குமேல் நின்று கேட்பதற்கும் ஆள் இல்லை. ஒரு பாட்டை எழுதி, பதிந்து, முடித்த பிறகுதான் அடுத்த பாட்டு. இந்த நிதானம் கேட்கும்போதே தெரிகிறது. கிட்டாரும் பேஸும் யார் கையில் என்று ஒரு கணக்கும் இல்லை, மாற்றி மாற்றி வாசிக்கிறார்கள். பல பாட்டுகளில் மெட்டைச் சுமப்பது பேஸ்தான், அதுவும் கரகரவென்று தடித்த சத்தத்தில். கிட்டார் அதற்கு மேலே தூரத்தில் எங்கோ மிதக்கிறது.

பெயர் 73-ல் வந்த பிரெஞ்சு அனிமேஷன் படத்திலிருந்து எடுத்தது. விண்வெளி, கோள்கள் என்று பாட்டுகள் போனாலும் அடியில் ஓடுவது ஹெராயின். பதிவின்போதே அது அந்த வீட்டுக்குள் இருந்தது.

அதெல்லாம் சரி, என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறு விஷயம். எல்லாம் முடித்துக் கையில் கொடுத்த பிறகு ஆல்பம் மாதக்கணக்கில் வெளிவராமல் கிடந்தது. ரெக்கார்டு கம்பெனி கைமாறுகிற நேரம். ஒரு வழியாக ஆகஸ்ட் 96-ல் வந்தபோது ரேடியோ வேறு பக்கம் போயிருந்தது. முடித்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவன் வாயிலிருந்து ஒரு தேதி வரக் காத்திருப்பது எப்படி இருக்கும்!

பிப்ரவரி 5, திங்கள்

திங்கள் இல்லையாம், வியாழனாம். ஆஸ்பத்திரி லேபிலிருந்து ரிசல்ட் இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

அக்கா பையன் இன்று என்னோடு வண்டியில் வந்தான். ஹெட்போனைக் கழற்றவே மாட்டான். 'ஸ்மோக்கிங் அம்ப்ரெல்லாஸ்' வந்தபோது கழற்றினான். "மாமா, இதுல பேஸ்தானே பாடுது?" என்றான். எனக்கு வந்த சந்தோஷத்தில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டேன்.

இவர்கள் 97-ல் பிரிந்ததையும், 2015-ல் மறுபடி ஒரு ஆல்பம் போட்டதையும் சொன்னேன். அவன் போனில் தேடி எடுத்தான். அதன் முதல் டிராக்கின் பெயர் 'செக்வே 4'. இந்த ஆல்பத்தில் இருப்பது மூன்று. பத்தொன்பது வருஷம் கழித்து, நேற்று பாதியில் எழுந்து போனவன் மாதிரி வந்து உட்கார்ந்து நாலு என்று எண்ணியிருக்கிறார்கள். பையன் இரண்டு தடவை படித்தான். அப்புறம், "அம்மா வீட்டுக்கு வந்ததும் அவங்களுக்குச் சொல்லணும்" என்றான். நான் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 8, வியாழன்

சொன்னார்கள். இங்கே எழுத மாட்டேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

இரவு அவள் அறையில் தங்கினேன். நர்ஸ் இரண்டு மணிக்கு வந்து, விளக்கைப் போடாமல், கைக்கடிகாரத்தின் வெளிச்சத்திலேயே சொட்டு எண்ணினார். காகிதக் கோப்பையில் இரண்டு மாத்திரை, ஒன்று வெள்ளை, ஒன்று இளநீலம். அக்கா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினாள்.

'தி நர்ஸ் ஹூ லவ்டு மீ' பாட்டை இனி எனக்குப் பழைய மாதிரி கேட்க முடியாது. மாத்திரை கொடுக்கிறவளுக்குத் தன்மேல் காதல் என்று நம்பிவிட்ட ஒரு நோயாளியின் பாட்டு. 2003-ல் எ பெர்ஃபெக்ட் சர்க்கிள் என்ற குழுவினர் அதைத் தந்தி வாத்தியங்களோடு தாலாட்டு மாதிரி பாடினார்கள், நிறையப் பேருக்கு அந்தப் பாட்டே அவர்களுடையது என்று நினைப்பு. அதுவும் அழகுதான். ஆனால் மூலத்தில், மெல்ல ஆரம்பித்து எல்லாக் கிட்டாரும் ஒன்றாக இறங்கும்போது, அந்த ஆள் எவ்வளவு தூரம் நம்புகிறான் என்பது தெரியும். இருபது வயதில் நான் அதைப் பைத்தியக்காரனின் பாட்டு என்று நினைத்தேன். இரவு இரண்டு மணிக்கு ஒருவர் வந்து நம் பெயரைச் சொல்லி மெதுவாக எழுப்பினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

டுஹங்கா போய் வந்தேன். மழை விட்டு மலை பச்சையாக, மிக அருகில் இருந்தது. எந்த வீடு என்று எனக்குத் தெரியாது, தேடவும் இல்லை. ஃபுட்ஹில் புலவார்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக ஓட்டினேன். டயர் கடை, டோனட் கடை, ஓரமெல்லாம் மழை அடித்து வந்த மண். 'அனதர் ஸ்பேஸ் சாங்' ஓடியது. முதல் தடவையாக 'பிளாங்க்' தாண்டி வந்திருக்கிறேன்.

பிப்ரவரி 12, திங்கள்

இன்சூரன்ஸ் காகிதம் கிடைத்தது. கேம்ரியின் டாஷ்போர்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

பிப்ரவரி 13, செவ்வாய்

பத்து வருஷத்துக்கு முன்னால் இதே பிப்ரவரி 13 அன்று இதே ஊரில், எல் ரே தியேட்டரில், அவர்கள் மறுபடி மேடை ஏறினார்கள். டிக்கெட் எல்லாம் விற்றுப்போன நிகழ்ச்சி. அக்காதான் அப்போது எனக்குச் செய்தியையே சொன்னாள். "வாடா, நானும் கூட வர்றேன், அந்தச் சத்தத்தை எங்க வீட்டில் எவ்வளவு நாள் போட்டிருப்பே" என்றாள். வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்று இப்போது ஞாபகம் இல்லை.

இன்று அதை அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அந்தப் பெட்டியை நான் ஏன் வெச்சிருந்தேன்னு நினைக்கிறே?" என்றாள்.

பார்க்கிங்கில் நாலாவது தளத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல், கடைசிவரை கேட்டேன். 'ஸ்டக் ஆன் யூ' மட்டும்தான் அப்போது ரேடியோவில் கொஞ்சம் ஓடியது. அதைக் கேட்டு வாங்கியவர்கள் இதற்குப் பின்னால் வருகிற 'ஹீலியோட்ராபிக்', 'டேலைட்' வரை வந்திருந்தால் சிடியைக் கடையில் திருப்பிப் போட்டிருக்கவே மாட்டார்கள். 'டேலைட்' மிக மெதுவாக நகர்கிறது. கிட்டார் ஒவ்வொரு ஸ்வரத்தையும் வளைத்து இழுத்துக்கொண்டு போகிறது, வலி பொறுத்துக்கொண்டு படியேறுகிற ஆள் மாதிரி. எல்லாம் அடங்கிய பிறகும் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தேன். பையன் போன் செய்தான், "மாமா, எங்க இருக்கீங்க, மேல வாங்க."

பிப்ரவரி 14, புதன்

காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா சின்ன ஸ்பீக்கரைக் கேட்டாள், எடுத்து வைத்துவிட்டேன். செக்வே மூன்று மட்டும் போதுமாம்.