முழங்கால் மாற்று அறுவை: வீட்டுக்குப் போகும் நேரம் எங்கே வீணாகிறது?

முழங்கால் மூட்டு மாற்று செய்துகொண்டவர் மருத்துவமனையில் எவ்வளவு காலம் தங்குகிறார் என்பதை நாள் கணக்கில் எடுத்தால் ஒன்றும் பிடிபடாது. மணிக் கணக்கில் எடுக்க வேண்டும். காலை ஒன்பதுக்கு வெளியே போனவரும் இரவு எட்டுக்குப் போனவரும் ஏட்டில் ஒரே தேதிதான். அந்தப் பதினொரு மணி நேரம் எங்கே போனது என்று தேடியதிலிருந்துதான் எங்கள் பிரிவில் வேலை ஆரம்பமானது.

இரண்டு நேரங்களைத் தனித்தனியாகக் குறித்தோம். ஒன்று, நோயாளி வீட்டுக்குப் போகத் தகுதியான நேரம். இன்னொன்று, அவர் உண்மையிலேயே வாசலைத் தாண்டிய நேரம். முதலாவது தள்ளிப்போனால் காரணம் வலி, தலைச்சுற்றல், சிறுநீர் என்று உடம்பில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் காரணம் பில்லிங்கிலோ, காப்பீட்டிலோ, டாக்டரின் கையெழுத்திலோ இருக்கும். இரண்டையும் கலந்து சராசரி போட்டால் அறுவை நிபுணர் பில்லிங்கைக் கை காட்டுவார், பில்லிங் வார்டைக் கை காட்டும்.

இப்படி அளந்து சரிசெய்வது தொழிற்சாலைகளின் தர மேம்பாட்டு முறை, சென்னைக்குப் புதிதல்ல. பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-லேயே தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியது. வரையறு, அள, ஆராய், மேம்படுத்து, நிலைநிறுத்து என்ற சிக்ஸ் சிக்மாவின் ஐந்து படிகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு மனப்பாடம். மருத்துவமனையில் சிக்கல் 'அள' என்ற படியில்தான் வரும். கேஸ் ஷீட்டில் இருக்கும் நேரங்கள் பெரும்பாலும் ஷிப்ட் முடியும்போது மொத்தமாக எழுதப்பட்டவை. எனவே கட்டிலின் கால்மாட்டில் ஒரே ஒரு தாளைத் தொங்கவிட்டோம். ஓ.டி.யிலிருந்து வந்தது, முதலில் உட்கார்ந்தது, முதலில் நின்றது, சிறுநீர் போனது, பிசியோ சரி சொன்னது, டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்தானது, கடைசி பில் டிபிஏவுக்கு (காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோரிக்கைகளைக் கையாளும் இடைநிறுவனம்) போனது, ஒப்புதல் வந்தது, கிளம்பியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அந்த வேலையைச் செய்தவரே அப்போதே நேரத்தை எழுத வேண்டும்.

சராசரியை விட இடைநிலை அளவே, அதாவது எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் நேரமே, நம்பத்தக்கது. காயம் கசிந்து பத்து நாள் தங்கிய ஒருவர் மாதச் சராசரியையே தூக்கிவிடுவார். ஒரே மயக்கத்தில் இரண்டு முழங்காலையும் மாற்றிக்கொள்பவர்கள் நம் ஊரில் நிறைய. அவர்களுக்குத் தனி வரைபடம் வேண்டும்.

தங்கும் நேரம் அட்மிஷனுக்கு முன்பே பாதி தீர்மானமாகிவிடுகிறது. மயக்க மருத்துவரின் பரிசோதனை, எக்கோ, இதய மருத்துவரின் ஃபிட்னஸ் எல்லாம் புறநோயாளியாகவே முடிந்திருந்தால் அறுவைக்கு முந்தைய நாளே வந்து படுக்க வேண்டியதில்லை. மூன்று மாத சுகர் அளவைக் காட்டும் எச்பிஏ1சி 8-ஐத் தாண்டியிருந்தாலும், ஹீமோகுளோபின் குறைவாக இருந்தாலும் தேதியைத் தள்ளிவைத்துச் சரிசெய்வதே மேல். அறுவைக்குப் பின் சுகரைத் துரத்துவதும் ரத்தம் ஏற்றுவதும் நேராகத் தங்கும் நேரத்தில் ஏறும். வாக்கரை முன்கூட்டியே வாங்கி, மணிக்கட்டு மட்டத்துக்கு உயரம் வைத்து, வலியில்லாத நாளிலேயே நடக்கப் பழக்கிவிட வேண்டும். வீட்டைப் பற்றிய கேள்விகளும் அன்றே முடிய வேண்டும்: எத்தனை படி, லிஃப்ட் உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, கட்டில் உண்டா பாய்தானா. டிஸ்சார்ஜ் அன்று காலையில் "வீட்ல இந்தியன் டாய்லெட்தாங்க" என்று தெரியவந்தால், கமோடு நாற்காலி வாங்கி வரும்வரை பெட் காலியாகாது.

'ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது' என்ற வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். திட உணவுக்கு ஆறு மணி நேரம், தெளிந்த நீர் பானங்களுக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி போதும். பால் சேர்ந்த ஃபில்டர் காபி இதில் நீர் கணக்கில் வராது, திட உணவோடு சேரும். இதைத் தனியாக அழுத்திச் சொல்லாவிட்டால் ஆறரை மணிக்கு ஒரு டம்ளர் உள்ளே போயிருக்கும், கேஸ் தள்ளிப்போகும். பட்டினியாக வந்தவர் சாயங்காலம் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார். அதோடு அன்றைய நடை போச்சு.

ஓ.டி.யில் எடுக்கும் முடிவுகள் அடுத்த நாளின் வேகத்தைத் தீர்மானிக்கும். தோலைத் திறக்கும் முன் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம் கொடுத்தால் ரத்த இழப்பு குறையும், ரத்தத்தை வடிக்கும் டிரெயின் குழாய் பெரும்பாலும் தேவைப்படாது. தண்டுவட ஊசியில் மார்ஃபின் சேர்த்தால் வலி அடங்கும், ஆனால் அரிப்பும் குமட்டலும் சிறுநீர் அடைப்பும் கூடவே வரும். தொடை நரம்பை மொத்தமாக மரத்துப்போகச் செய்தால் தொடைத் தசை வேலைநிறுத்தம் செய்யும், எழுந்ததும் முழங்கால் மடிந்து விழ வாய்ப்புண்டு. அடக்டர் கெனால் பிளாக்கும் (தொடையின் உள்பக்கம் போடும் மரப்பு ஊசி) மூட்டைச் சுற்றிப் போடும் ஊசியும் தசையைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். ஒரு கால் அறுவைக்கு யூரின் டியூபே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்களை முன்கூட்டியே பிரித்துவைத்தால் போதும்.

அறுவை நாளிலேயே, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குள் நிற்க வைப்பதுதான் இலக்கு. காலை நீட்டியபடி தூக்க முடிகிறதா என்று பார்த்து, கட்டில் ஓரத்தில் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, பி.பி. பார்த்த பிறகே எழுப்ப வேண்டும். மறுநாள் பிசியோ வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வலி மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். நர்ஸிங் அட்டவணையில் மாத்திரை எட்டு மணிக்கு, பிசியோ ஏழரைக்கு என்று இருந்தால் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்றுதான் குறிப்பு எழுதப்படும். இன்னொரு பொறி, பிளாக் தேயும் நேரம், அதாவது மரப்பு ஊசியின் வேகம் குறையும் நேரம். முதல் நாள் சிரித்துக்கொண்டே நடந்தவர் மறுநாள் சாயங்காலம் துடிப்பார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு அனுப்பினால் இரவு பத்து மணிக்கு அவசரப் பிரிவில் இருப்பார்.

வீட்டுக்கு அனுப்பத் தகுதி என்ன என்பதை எழுதி ஒட்டினோம். வாக்கரோடு 30 மீட்டர் நடை, துணையில்லாமல் எழுந்து கழிவறை போய்வருதல், வீட்டில் படி இருந்தால் படிப் பயிற்சி (ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது அறுவை செய்த கால்), மாத்திரையிலேயே அடங்கும் வலி, கசிவில்லாத காயம், தானாகப் போகும் சிறுநீர், வயிற்றில் தங்கும் சாப்பாடு. முழங்கால் 90 டிகிரி மடங்கியாக வேண்டும் என்பதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதை வீட்டுப் பிசியோவில் எட்டிவிடலாம். சிஸ்டரும் பிசியோவும் டிக் போட்டால் டிஸ்சார்ஜ் வேலை ஓட ஆரம்பிக்கும். டாக்டருக்கு நிறுத்தும் உரிமை உண்டு, தொடங்கிவைக்கும் பொறுப்பு இல்லை.

கடைசி நாள்தான் மோசம். ரவுண்ட்ஸ் பத்து மணிக்கு, டாக்டர் ஓ.டி.யில், சம்மரி டைப்பாக மதியம், டிபிஏ கேள்வி கேட்க சாயங்காலம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே சுற்றறிக்கைப்படி டிஸ்சார்ஜுக்கான இறுதி ஒப்புதல் மூன்று மணி நேரத்துக்குள் வர வேண்டும். ஆனால் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது மருத்துவமனையின் கோரிக்கை போய்ச் சேர்ந்த பிறகு. அதற்கு முன் காகிதம் நம் மருத்துவமனையிலேயே தூங்கும் நேரத்துக்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. டிபிஏ வழக்கமாகக் கேட்பவை இம்பிளான்ட் ஸ்டிக்கர், அதன் இன்வாய்ஸ், ஓ.டி. நோட்ஸ், அறுவைக்குப் பிந்தைய எக்ஸ்ரே. நான்கையும் அறுவை நாள் மாலையிலேயே ஸ்கேன் செய்து வைத்துவிடலாம். சம்மரியையும் அன்றே முக்கால்வாசி எழுதிவைத்து, டிஸ்சார்ஜ் நாளில் டாக்டரின் முதல் கேஸ் ஓ.டி.யில் ஏறும் முன் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மீதி மருந்தை ஃபார்மசியில் திருப்பி வரவு வைக்காமல் பில் மூடாது. காலை டோஸை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை முந்தைய இரவே திருப்பினால் அந்தக் காத்திருப்பு முழுக்கப் போகும்.

ராகு காலத்தைக் கணக்கில் எடுக்காத அட்டவணை சென்னையில் செல்லாது. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு. காகிதம் பத்தே முக்காலுக்குத் தயாரானால் குடும்பம் பன்னிரண்டு வரை உட்காரும், பிறகு சாப்பாடு, வண்டி என்று இரண்டு மணி. எனவே வெள்ளியன்று இலக்கு பத்து மணி, சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை போய்விடுவதால் பதினொன்று. எந்த நாளில் கிளம்ப மாட்டார்கள் என்பதையும் அட்மிஷனிலேயே கேட்டு எழுதிக்கொள்ளலாம். கேலி செய்வதைவிட இது பலன் தரும்.

24 மணி நேரத்துக்குள் அனுப்பிவிடும் போட்டியில் நாங்கள் இறங்கவில்லை. உள்நோயாளிக் காப்பீட்டுக்குப் பொதுவாக 24 மணி நேரத் தங்கல் வேண்டும் என்பது ஒரு காரணம், பிளாக் தேயும் வலி இன்னொன்று. தங்கும் நேர வரைபடத்தின் பக்கத்திலேயே 30 நாளில் திரும்பி அட்மிட் ஆனவர்கள், விழுந்தவர்கள், காயம் கசிந்தவர்கள், ஆறாவது வாரத்தில் 90 டிகிரி மடங்காதவர்கள் என்ற வரைபடங்களும் தொங்க வேண்டும். அவை ஏறினால் வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான்.

நிலைநிறுத்துவதில்தான் பெரும்பாலான இடங்களில் சரிகிறது. ஜூனியர் டாக்டர்கள் மாறுவார்கள், பழகிய சிஸ்டர்கள் வெளிநாடு போவார்கள், கால்மாட்டுத் தாள் நிரப்பப்படாமல் தொங்கும். வார்டு இன்சார்ஜ் தினமும் காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் அந்தத் தாள்களை மட்டும் பார்க்கிறாரா என்பதே சோதனை. ஞாயிற்றுக்கிழமை பிசியோ இல்லாத வார்டில், வெள்ளி, சனியில் அறுவை செய்துகொண்டவர்களின் வரைபடம் தனியாகத் தூக்கி நிற்கும். அதற்கு ஒரு ஞாயிறு டூட்டி போட்டாலே போதும், வேறு ஆராய்ச்சி தேவையில்லை.