கச்சான் காற்றில் ஒரு மேட்ச்

ஆடி மாதத்தில் திருகோணமலையில் பெண்கள் கிரிக்கெட் மேட்ச் வைக்கிறவர்களை என்ன செய்யலாம்? தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முகத்தில் மண்ணை அள்ளி அடிக்கிறது, எதிர்க்காற்றில் ஓடிவந்து பந்து போட்டால் மூச்சு முட்டுகிறது.

பெண்களுக்கான பந்து 140 முதல் 151 கிராம்தான், ஆண்களுடையதைவிட லேசு. "வேகத்தை விடு பிள்ளை, தூக்கிப் போடு" என்றார் கீப்பர் அக்கா. சரியென்று மெதுவாகத் தூக்கிப் போட்டேன், காற்று பந்தை அந்தரத்தில் பிடித்து வைத்தது, அடிக்க வந்தவள் முன்கூட்டியே மட்டையைச் சுழற்றிவிட்டு நிற்க, பந்து ஆறுதலாக வந்து ஸ்டம்பைத் தட்டியது. அந்த முழியைப் பார்க்க வேண்டுமே!

நடுவில் இரண்டு புள்ளிமான்கள் எல்லைக்கோட்டுக்குள் புகுந்ததால் ஆட்டம் கொஞ்சம் நின்றது. எங்கள் ஊரில் இதெல்லாம் வழக்கம்.

2024இல் சமரி அத்தபத்துவின் இலங்கைப் பெண்கள் அணி தம்புள்ளையில் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணம் எடுத்தபிறகு, பெண் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் எதற்கு என்று கேட்பவர்கள் குறைவு. இப்போது வேலியோரம் நிற்கிற மாமாக்கள் எல்லாரும் பயிற்சியாளர்கள், அது அதைவிடத் தொல்லை. அப்புறம், இரவல் வாங்கிய, ஆண்களுக்கான கால்காப்பு தொடையில் இடிக்க இடிக்க ஓடியும் ஆறு ஓட்டத்தால் தோற்றோம்.