குமிழிக்குள் இருக்கும் தண்ணீர்

ஜனவரி 5
நாளை பதினொன்றாம் வகுப்புக்கு ஒளிவினை, அதாவது ஒளிச்சேர்க்கையில் ஒளி தேவைப்படும் முதல் கட்டம். குடிதண்ணீர் ஊருணியில் இங்கே யாரும் கால் நனைப்பதில்லை. காரைக்குடிக்கு வெளியே கண்மாய்க்குப் போய் ஹைட்ரில்லா என்ற நீர்த்தாவரத்தை அள்ளி வந்தேன்.

ஜனவரி 6
பீக்கர், புனல், சோதனைக்குழாய், ஒரு சிட்டிகை ஆப்பசோடா. வெயிலில் வைத்ததும் வெட்டிய தண்டிலிருந்து குமிழிகள் சரமாகக் கிளம்பின. ஒரு பையன் எழுந்தான்: "டீச்சர், சோடாவுல இருக்க கார்பன் டை ஆக்சைடு உடைஞ்சுதானே ஆக்சிஜன் வருது?"

அருமையான கேள்வி. ஒரு காலத்தில் விஞ்ஞானிகளே அப்படித்தான் நம்பினார்கள். 1937இல் ராபர்ட் ஹில், இலையிலிருந்து பிரித்த பசுங்கணிகத்தோடு (ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நுண்ணுறுப்பு) ஓர் இரும்பு உப்பைச் சேர்த்து ஒளியில் வைத்தார். கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாக மாறாமலே ஆக்சிஜன் வந்தது. 1941இல் ரூபனும் கேமனும் குளோரெல்லா பாசிக்கு ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் கலந்த தண்ணீர் கொடுத்தார்கள். வெளிவந்த வாயுவில் அதே ஆக்சிஜன்-18. குமிழியில் வரும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வந்தது!

"அப்ப சோடா எதுக்கு டீச்சர்?" மணி அடித்துவிட்டது.

ஜனவரி 7
முதலில் அந்தப் பதில். ஒளிவினை, ஆற்றலைச் சுமக்கும் ஏடிபியையும் (ATP) எலக்ட்ரானைச் சுமக்கும் என்ஏடிபிஹெச்சையும் (NADPH) உண்டாக்குகிறது. சோடா தரும் கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கும்போது அவை செலவாகி, ATP என்பது ADP ஆகவும், NADPH என்பது என்ஏடிபி பிளஸ்ஸாகவும் (NADP+) பழைய வடிவத்துக்குத் திரும்புகின்றன. எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள இப்படி ஆள் இல்லாவிட்டால் எலக்ட்ரான் ஓட்டம் தேங்கும், குமிழியும் குறையும். ஹில்லுக்கு அந்த வேலையை இரும்பு உப்பு செய்தது. பையன் முகம் மலர்ந்துவிட்டது.

பிறகு, எனக்கு மிகவும் பிடித்த இடம். பசுங்கணிகத்துக்குள் இருக்கும் தைலகாய்டு சவ்வில், இரண்டாம் ஒளி அமைப்பு என்ற புரதத் தொகுதியில் உள்ள பி680 என்ற பச்சையம் ஒளியை வாங்கி ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. இழந்ததை ஈடுகட்டத் தண்ணீரிடமிருந்தே பிடுங்குகிறது. நடுவில் நின்று அதைச் செய்வது நான்கு மாங்கனீஸும் ஒரு கால்சியமும் கொண்ட சின்னத் திரள். இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலக்ட்ரான் எடுத்தால்தான் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு. ஆகவே நான்கு முறை ஒளி விழ வேண்டும். இருட்டில் வைத்த பசுங்கணிகத்துக்கு மிகமிகக் குறுகிய ஒளிவெட்டுகளை அடுத்தடுத்துக் கொடுத்தால், மூன்றாவது வெட்டில் ஆக்சிஜன் உச்சம் தொடும். அதன்பின் நான்குக்கு ஒருமுறை. திரள் இருட்டில் பெரும்பாலும் ஒரு படி ஏறியே காத்திருக்கிறது என்று 1970இல் பெசல் காக் விளக்கினார். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது.

நம்மூர் சிக்ரி (CECRI) மின்வேதியியலுக்கென்றே உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையம். மின்சாரத்தால் தண்ணீரைப் பிளக்க, கணக்குப்படியே குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும். கண்மாய் ஹைட்ரில்லா தண்ணீரைப் பிளப்பதைச் சாதாரண வெயிலில் செய்கிறது.

ஜனவரி 9
அந்த எலக்ட்ரான் அடுத்துப் போய்ச் சேரும் முதல் ஒளி அமைப்பு, அதன் பச்சையமான பி700, கடைசியில் எலக்ட்ரானை வாங்கும் என்ஏடிபி பிளஸ். பாடம் சீக்கிரம் முடிந்தது.

பையன் ஹில் சோதனையைத் தானே செய்ய வேண்டுமாம். பாலக்கீரையைக் குளிர்ந்த சர்க்கரைக் கரைசலில் அரைத்து வடிகட்டி, பனிக்கட்டிமேல் வைத்து, டிசிபிஐபி என்ற நீலச் சாயம் சேர்க்க வேண்டும். எலக்ட்ரானை வாங்கினால் நீலம் வெளுக்கும். ஒரு குழாய் வெயிலில், இன்னொன்று அலுமினியத் தாள் சுற்றி. சாயத்துக்குத் தெரிந்த கல்லூரியில் சொல்லிவைத்திருக்கிறேன். பொங்கல் விடுமுறை முடிந்ததும் செய்கிறோம்.